காரின் நெற்றி

அக்காவின் சாந்துக் குப்பியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கணேசமூர்த்தி கார் ஷெட்டுக்குள் நுழைந்தபோது வீட்டில் எல்லோரும் விழித்துத்தான் இருந்தார்கள். திருட்டுத்தனத்துக்கு விடிகாலையைத் தேடுகிறவன்தான் அகப்பட்டுக்கொள்வான், வீடு காபி வாசனையும் ரேடியோ சத்தமுமாகத் தன் பாட்டில் இருக்கும் நேரமே தோதானது என்பது அவன் கட்சி. பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தான். எஞ்சினுக்கு மேலே, கவிழ்த்து வைத்த சம்புடம் மாதிரி வட்டமாக, கறுப்பாக உட்கார்ந்திருந்தது ஏர் கிளீனர். கார் உள்ளே இழுக்கிற காற்றை வடிகட்டி அனுப்புகிற டப்பா அது. அதைப் பிடித்து நிறுத்துகிற திருகுகளின் தலையில் கம்பெனிக்காரர்கள் சிவப்புப் பெயிண்டால் ஆளுக்கொரு பொட்டு வைத்திருந்தார்கள். திருகைத் திருப்பினால் பொட்டு உடைந்துவிடும். பொட்டு உடைந்தால் கியாரண்டி போச்சு. மவுண்ட் ரோடு ஷோரூமில் சாவி கொடுத்த அன்றே அதைச் சிரித்த முகத்தோடு சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குள் எது பழுதானாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்.

பொட்டு உடைந்து பல நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு முதல் சர்வீஸ். கணேசமூர்த்தி தீக்குச்சியில் சாந்தைத் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருகின் தலையிலும் வட்டமாக வைத்தான். கல்யாணப் பெண்ணுக்குப் பொட்டு வைப்பவர்கள்கூட அவ்வளவு கவனமாக வைத்திருக்க மாட்டார்கள். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏல தம்பி, எஞ் சாந்துக் குப்பியக் கண்டியா? கண்ணாடிகிட்டத்தான் வச்சிருந்தேன்."

"நான் எங்க்கா பாக்கேன்? அலமாரியில பாரு."

பொய் அவனுக்குச் சரளமாக வரும். அன்றைக்கும் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி பானெட்டுக்குள் குனிந்து, பொட்டுகளைப் பார்த்து, தலையை ஆட்டி, எண்ணெய் மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரும் வழியில் கணேசமூர்த்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று அந்த மேஸ்திரி கொஞ்சம் கண்ணை இடுக்கிப் பார்த்துத் தொலைத்திருக்கலாம். அவனைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கார் அவனுடையது அல்ல. அக்கா முத்துலட்சுமியின் கணவர் அய்யாதுரை பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஆறுமுகநேரியிலிருந்து வந்து, உழைத்து, தி.நகரில் வீடும் கட்டியவர். காருக்குப் பதிந்துவிட்டு, பதிந்ததே மறந்துபோகும் அளவுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார். அதைவிட நீண்ட காத்திருப்பு ஒன்று அந்த வீட்டில் இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக அக்காவுக்குக் குழந்தை இல்லை. கார் வந்துவிட்டது என்று ஷோரூமிலிருந்து ஆள் வந்த அதே வாரத்தில், அடையாறில் டாக்டர் நீரஜா அக்காவின் நாடியைப் பிடித்துக்கொண்டே நல்ல செய்தி சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காரையும் கருவையும் யாரும் பிரித்துப் பேசவில்லை. கார் வந்த வேளை என்றார்கள். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் வாசலில் முதல் பூசை போட்டபோது அக்கா சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இதுல எது நெத்தி?" என்று கேட்டாள். பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்து, அந்தக் கறுப்பு டப்பாவின் நடுவில் சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தாள். "இதுதான் நெத்தி" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அத்தானுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. கணேசமூர்த்திக்கோ அது ஒன்றுதான் தெரியும். கல்லூரியில் படிக்க மதராசுக்கு வந்தவன், படிப்பும் ஏறாமல், கடையில் துணி கிழிக்கவும் கை வராமல், அக்கா வீட்டுச் சோற்றில் வளர்ந்துகொண்டிருந்தவன். கார் வந்த பிறகுதான் அந்த வீட்டில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போவது, அத்தானைக் கடையில் விடுவது. அடையாறில் புதுக்கடை ஒன்று போடப் போவதாகவும் அதை அவன் பொறுப்பில் விடப் போவதாகவும் அத்தான் இரண்டொரு தடவை சொல்லியிருந்தார். அத்தான் கோபப்படுகிற மனிதர் இல்லை. ஒருவனைப் பிடிக்காமல் போனால் அவனோடு பேசுவதை நிறுத்திவிடுவார். அப்படிப் பேச்சு நின்றுபோன கணக்குப்பிள்ளை ஒருவர், யாரும் போகச் சொல்லாமலே, ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

இத்தனையும் தெரிந்தவன் ஏன் திருகில் கை வைத்தான் என்றால், அதற்குச் சோழவரம்தான் காரணம். அந்த வருட ஆரம்பத்தில் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போயிருந்தான். கூடப் போனவன் ஜவஹர். தேனாம்பேட்டையில் தகர ஷெட் போட்டுக் கார் ரிப்பேர் பார்ப்பவன், அவன் வயதுக்காரன். அங்கே ரேஸ் வண்டிகளின் எஞ்சினில் டப்பா கிப்பா எதுவும் இல்லை. காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரின் வாயில் நாதஸ்வரத்தின் அடிவாய் மாதிரி விரிந்த பித்தளைக் குழல் மட்டும் இருந்தது. எஞ்சின் அதன் வழியே நேராகக் காற்றைக் குடித்தது. குடிக்கும்போது வந்த சத்தம் கணேசமூர்த்தியின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. பானெட் இல்லாமல் நின்ற ஒரு வண்டி கிளம்பத் திணறியபோது அந்தக் குழல் ஒரு முழ நெருப்பைத் துப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

புதுக் கார் அவனுக்கு மூச்சடைத்த மாதிரியே இருந்தது. கதீட்ரல் ரோட்டில் பழைய வண்டி வைத்திருந்த மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் அவனைத் தாண்டிப் போகும்போது ஹாரனும் அடித்துவிட்டுப் போனான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் ஜவஹரிடம் போய் நின்றான்.

"இன்னா மச்சி, வண்டிக்கு மூக்கு அடைச்சிகினு கீது. தொறந்து வுட்டா பறக்கும்" என்றான் ஜவஹர். "புதுப்பேட்டைல அமீனா பீ கடைக்குப் போ. பாரின் ஐட்டம்லாம் அங்கதான் கீது."

அமீனா பீ கடை என்பது, பழைய கார்களின் குடலும் ஈரலும் வாசல்வரை குவிந்து கிடக்கும் ஒரு நீளமான இருட்டு அறை. கணவர் போன பிறகு அந்த அம்மாள்தான் வியாபாரம். வெற்றிலைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று சாமான்களை எடுத்து மரப்பலகையில் வைத்தாள். ஒன்று எண்ணெய் ஊற்றி வைக்கிற பெரிய டப்பா. லாரிக்கு மாட்டுவது போல் இருந்தது. இன்னொன்று பூரி போலத் தட்டையாக, சுற்றிலும் சல்லடைத் துணி வைத்தது. மூன்றாவது, சோழவரத்தில் பார்த்த அதே பித்தளைக் குழல். துடைக்காமலே மின்னியது.

"இன்னா நைனா, ரேஸு வண்டிக்கா, வூட்டு வண்டிக்கா?"

வீட்டு வண்டி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்தக் கடையில் நின்றுகொண்டு, அந்தப் பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டு, கர்ப்பிணி அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போகிற வண்டி என்று எப்படிச் சொல்வது?

"ரேஸுக்குத்தாம்மா" என்றான்.

அமீனா பீ தலையை ஆட்டிவிட்டு, குழலின் வாயில் மாட்டியிருந்த கம்பிவலை மூடியைக் கழற்றித் தன் பக்கமாக ஒதுக்கி வைத்தாள். "அப்போ இந்த வலை ஜாலி வேணாம். வூட்டு வண்டிக்குத்தான் அது. ரேஸ்காரங்க கழட்டிப் போட்டுட்டுத்தான் ஓட்டுறாங்க" என்றாள். அவன் அந்த மூடியைப் பார்த்தான். அதையும் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொன்னது பொய் என்று ஆகிவிடும். குழலை மட்டும் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தான். நெருப்பை உள்ளேயே தடுத்து நிறுத்துகிற அந்த வலையும் சேர்த்து, வீட்டு வண்டிக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பலகையிலேயே இருந்தது என்பதைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டான்.

ஜவஹர் குழலை மாட்டியதோடு நிற்கவில்லை. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்று கார்புரேட்டரைப் பிரித்து, மிதவையை நிமிண்டி, உள்ளே பெட்ரோல் நிற்கும் மட்டத்தை உயர்த்திவிட்டான். "கொஞ்சம் வாசனை வரும், கண்டுக்காத" என்றான். கழற்றிய கறுப்பு டப்பாவைப் பழந்துணியில் சுற்றித் தன் தகர ஷெட்டின் பரணில் வைத்தான். அன்று சாயங்காலம் கணேசமூர்த்தி கடற்கரைச் சாலையில் காலை அழுத்தியபோது அந்தச் சத்தம் வந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் கிடையாது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

முதல் சர்வீஸுக்காக டப்பாவைத் திரும்ப மாட்டி, சாந்து வைத்து, தப்பித்து வந்தவன் அப்படியே விட்டிருக்கலாம். மறுநாளே மறுபடி தேனாம்பேட்டைக்குப் போய், டப்பாவை ஜவஹரிடமே கொடுத்துவிட்டுக் குழலை மாட்டிக்கொண்டான். அத்தான் பின்சீட்டில் ஏறினால் மூக்கைச் சுளித்து, "என்ன மாப்ள, பெட்ரோல் வாடை அடிக்கி?" என்பார். புது வண்டி அப்படித்தான் இருக்கும் அத்தான் என்பான் இவன். அவர் நம்பினார். காரைப் பற்றி அவன் எது சொன்னாலும் அவர் நம்பினார். அதுதான் அவனைப் பின்னாளில் உறுத்தியது.

அக்காவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது அடையாறு பாலத்தின்மேல் ஒரு மாட்டுவண்டிக்காக நின்று, மறுபடி கிளம்பக் காலை அழுத்தினான். எஞ்சின் ஒரு தரம் விக்கியது. பானெட்டுக்குள் டப்பென்று வெடி வெடித்தது போல ஒரு சத்தம். அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னல அது?"

"ஒண்ணுமில்லக்கா. டயர்ல கல்லு தெறிச்சிருக்கும்."

"உள்ள புள்ள துள்ளிட்டுல்லா" என்றாள் அவள். பயத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்கிட்ட மறைக்காதல. வண்டிக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்லக்கா."

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டில் பானெட்டைத் திறந்தான். பானெட்டின் உள்பக்கம், குழலுக்கு நேர் மேலே, பெயிண்ட் பொசுங்கி உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. குழலின் உதட்டில் பெட்ரோல் ஒரு சொட்டாகத் திரண்டு, கனத்து, எஞ்சின்மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. சோழவரத்தில் கைதட்டிய அதே நெருப்புதான். இங்கே கைதட்ட யாரும் இல்லை. அவன் துணியை எடுத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஜவஹரிடம் போய் டப்பாவை மாட்டிக் கொடு, போதும் என்றான். ஜவஹர் சிரித்தான். "ஒரு தபா எகிறிச்சின்னா பயந்துக்கினியா? சரி வுடு. ஆயுத பூசைக்கு மொத நாள் எடுத்துனு வா மச்சி. கழுவி, மாட்டி, புதுசாட்டம் குடுக்குறேன்." பூசைக்கு முதல் நாள் அவன் காரை எடுத்துக்கொண்டு போனபோது தகர ஷெட்டில் பூட்டுத் தொங்கியது. எதிர் டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஜவஹரா? மாமியார் வூட்ல சாவு. வேலூருக்குப் போய்க்கீறான். ரெண்டு மூணு நாள் ஆவும்." தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தான். பரணும் அதன்மேல் பழந்துணி மூட்டையும் தெரிந்தன. பூட்டை உடைக்கலாமா என்றுகூட யோசித்தான். பட்டப்பகல், எதிரே டீக்கடை நிறைய ஆட்கள். பேசாமல் திரும்பி வந்தான். அந்த வலையாவது வாங்கலாம் என்று அமீனா பீ கடைக்குப் போனால் அதுவும் பூசை லீவுக்காகச் சாமான்களை உள்ளே தள்ளிச் சாத்தியிருந்தது.

ஆயுத பூசையில் அத்தான் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தெருவில் மற்ற கடைக்காரர்கள் எல்லாச் சாமானையும் துடைத்து அடுக்கிச் சும்மா வைத்துப் பூசை செய்வார்கள். அய்யாதுரை கடையில் அப்படி இல்லை. ஆரத்தி காட்டும்போது அந்தந்தப் பொருள் ஓட வேண்டும். தையல் மெஷினுக்குக் காட்டினால் டெய்லர் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். கத்தரிக்குக் காட்டினால் கத்தரி துணியை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். முடிந்ததும் அந்தப் பொருளை ஓட்டியவன்தான் முதலில் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், முதலாளிகூட அவனுக்கு அப்புறம்தான். கணேசமூர்த்திக்குப் பிடித்த வழக்கம் அது. வெறும் சாப்பாட்டு ஆளாக மூலையில் நின்று வருடா வருடம் பார்த்தவன், இந்த வருடம் தனக்கும் முதல் கற்பூரம் உண்டு என்று கார் வந்த அன்றே கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

கடை வாசலில் கார் நின்றது. முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனம், சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம். காலை வெயில் பாண்டி பஜாரில் சுள்ளென்று இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அரக்குப் பட்டுச் சேலையில், மேல்மூச்சு வாங்க, தாம்பாளத்தோடு படியிறங்கி வந்தாள். உட்காரச் சொன்னவர்களிடம், காருக்கு நான்தான் காட்டுவேன் என்று சொல்லிவிட்டாள்.

"மாப்ள, வண்டியக் கிளப்பிட்டு முன்மூடியத் தொறந்து வையி" என்றார் அத்தான்.

"மூடியே இருக்கட்டுமே அத்தான். சூடா இருக்கும். அக்கா மேல அனல் அடிக்கும்."

"நெத்திய மூடி வச்சிக்கிட்டு என்னல பூசை?" என்றாள் அக்கா.

"பேட்டரி வேற வீக்கா இருக்கு. ஓட வேண்டாம். இந்த ஒரு வருசம்."

அத்தான் அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. "ஓடாத சாமானுக்கு என்ன மாப்ள பூசை? அவ இருக்க இருப்புக்கு இன்னைக்கிப் போய் வண்டி கிளம்பலன்னா அவ மனசு என்ன பாடுபடும்? கிளப்பு."

அக்காவின் முகம் அதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. பாலத்தின்மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டபோது இருந்த அதே முகம். அதைப் பார்க்க அவனால் முடியவில்லை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கிளம்பாதே, கிளம்பித் தொலையாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினான். கார் எடுத்த எடுப்பில் கிளம்பியது. கூடியிருந்த கடை ஆட்கள் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்கள். அவன் இறங்கி ஓடி வந்து பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து, குழலுக்கும் அக்காவுக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொண்டு நின்றான். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் அதை மற்றவர்களிடமிருந்து மறைத்தன.

அக்கா தாம்பாளத்தில் கற்பூரத்தைக் குவித்தாள். வழக்கத்தைவிட அதிகமாக. அத்தான் தீக்குச்சி கிழித்து ஏற்றினார். ஒரு சாண் உயரத்துக்குச் சுடர் எழுந்தது. அவள் முதல் சுற்று சுற்றிவிட்டு, "தள்ளுல, மறைக்காத" என்று சொல்லிக்கொண்டே பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

எஞ்சின் லேசாக விக்கியது. பாலத்தின்மேல் விக்கிய அதே விக்கல். அடுத்து என்ன வரும் என்பது அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். யோசிக்க நேரமில்லை. வலது உள்ளங்கையைக் குழலின் வாயில் வைத்து அழுத்தி மூடினான்.

எஞ்சின் அவன் கையை உள்ளே இழுத்தது. உள்ளங்கைச் சதை பித்தளைக்குள் புதைந்தது. பிள்ளை முலையைக் கவ்வுவதுபோல் அது அவன் கையைக் கவ்விக்கொண்டு இழுத்தது. பெட்ரோல் பீறிட்டு வந்து கையை நனைத்தது, விரல் இடுக்குகளில் வழிந்தது. கார் இரண்டு தடவை திணறி, உலுக்கி, நின்றது.

பஜாரில் எங்கோ ஒரு பஸ் போனது.

"நின்னுட்டே" என்றாள் அக்கா, மெல்ல. பிறகு அவள் கண் அவன் கையருகே போனது. தான் சந்தனம் வைத்த கறுப்பு டப்பாவைத் தேடியது. "நெத்தி எங்கல?"

"போகட்டும், ஆரத்தி காட்டியாச்சுல்லா" என்றார் அத்தான் அவசரமாக, அவளுக்காக. "ஓட்டுனவன் தொட்டுக்கிடட்டும். குறை ஒண்ணுமில்ல. தொட்டுக்கிடு மாப்ள."

அக்கா தாம்பாளத்தை அவன் பக்கம் நீட்டினாள். கற்பூரம் இன்னும் பாதிகூட எரியவில்லை. அவன் இடது கையை நீட்டினான்.

"அந்தக் கையா? சோத்துக் கைய எடு மாப்ள."

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். அடையாறு கடை போகட்டும், அத்தானின் பேச்சு போகட்டும், ஊருக்கே போய்விடலாம். "அக்கா, தள்ளிப் போ" என்றான். அது அவனுக்கே கேட்கவில்லை. அவன் ஏதோ சொல்கிறான் என்று கேட்பதற்காக அவள் தட்டோடு இன்னும் ஒரு அடி பக்கத்தில் வந்தாள். வயிறு காரின் விளிம்பைத் தொட்டது.

வலது கை குழலிலிருந்து விடுபட்டது. உள்ளங்கையில் பித்தளையின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. மணிக்கட்டுவரை பெட்ரோல் ஈரம் வெயிலில் பளபளத்தது. நடுவிரலின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, தொங்கியது. அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து ஒரு காற்று வந்தது. கற்பூரச் சுடர் படுத்து, அவன் கை இருந்த பக்கமாக நீண்டது.